பழைய குரோம் பிளேட்டிங் பட்டறை இருந்த மனை: மேல்மண்ணை வெட்டி எடுத்தால் போதுமா?

நொய்யல்கரை கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் ஊருக்கு வடக்கே 12 சென்ட் இடம் ஒன்று வீடு கட்டப் பார்த்திருக்கிறோம். பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, விலையும் அக்கம்பக்கத்தைவிட நன்றாகவே குறைவு. ஏன் இப்படிக் குறைத்துத் தருகிறார்கள் என்று விசாரித்தபோதுதான் பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார், அங்கே இருபது வருஷத்துக்கு மேல் ஒரு குரோம், நிக்கல் பிளேட்டிங் (முலாம் பூசும்) பட்டறை ஓடியிருக்கிறதாம். மூடிய பிறகு ஷெட்டைப் பிரித்து, தொட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

நேரில் போய்ப் பார்த்தோம். தொட்டி வரிசை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம் இருக்கிறது. தரையில் நீளமாக ஒரு வெடிப்பு, அந்த வெடிப்பு நெடுக மஞ்சள் கறை. பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரின் அடியில் நாலைந்து வரிசைச் செங்கல் உப்புப் பூத்து உதிர்கிறது, அதிலும் மஞ்சளும் பச்சையுமாகப் படிந்திருக்கிறது. மனை முழுக்க முள்ளும் புல்லும் மண்டிக் கிடக்க அந்த மூலையில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை.

புரோக்கர், "இதெல்லாம் ஒரு விஷயமா, ரெண்டு அடி ஜேசிபி வைத்து வெட்டி எடுத்துட்டு நல்ல செம்மண் அடிச்சுட்டா புது இடம் சார்" என்கிறார். அப்பாவும், நாம் போர் தண்ணியா குடிக்கப் போகிறோம், குழாயில் பில்லூர்த் தண்ணீர் வரும் என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், காலியிடத்தில் காய்கறி போட வேண்டும் என்பது மனைவியின் ரொம்ப நாள் ஆசை. ரெண்டு அடி கணக்கு சரிதானா? என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? இந்த மாதிரி மண்ணை உண்மையிலேயே சுத்தம் செய்ய முடியுமா? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.

துளைக்குழாய்:

தொழிற்சாலை இருந்த இடங்களில் துளை போட்டு மண், தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதலில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டெஸ்ட் ரிப்போர்ட் கையில் வரும் வரைக்கும் ஒரு ரூபாய்கூட.

ரெண்டு அடி கணக்கைப் பார்ப்போம். 12 சென்ட் என்றால் சுமார் 486 சதுர மீட்டர். இரண்டு அடி ஆழத்துக்கு வெட்டினால் கிட்டத்தட்ட 300 கன மீட்டர், எடையில் 500 டன் பக்கம் வரும். ஒரு டிப்பரில் 15 டன் என்றாலும் முப்பது லோடுக்கு மேல். இந்த முப்பது லோடும் எங்கே போகும் என்று புரோக்கரிடம் கேளுங்கள், அவரிடம் பதில் இருக்காது. வழக்கமாக அது ஒரு பழைய கல்குவாரிக்கோ, குளத்தங்கரைக்கோ, பள்ளமான மனையை நிரப்பக் காத்திருக்கும் இன்னொருவருக்கோ போகும். உங்கள் இடத்து விஷம் இன்னொரு குடும்பத்தின் கடகாலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை நான் சுத்தம் செய்வது என்று சொல்ல மாட்டேன். பிளேட்டிங் கழிவும் அதில் ஊறிய மண்ணும் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருபவை. எடுத்தால் கும்மிடிப்பூண்டியிலோ விருதுநகர் மாவட்டத்திலோ இருக்கிற அனுமதி பெற்ற அபாயக் கழிவுக் கிடங்குக்குத்தான் போக வேண்டும், கூடவே எங்கிருந்து எவ்வளவு போகிறது என்று காட்டும் மூவ்மென்ட் டாக்குமென்டும் போக வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் மனை விலையில் குறைத்தது எவ்வளவு என்பதே மறந்து போகும்.

அடுத்தது, ஏன் ரெண்டு அடி என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது என்பது. குரோமியம் இரண்டு வடிவில் இருக்கும். மூன்று இணைதிறன் உள்ளது பச்சை, மண்ணைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அங்கேயே கிடக்கும், ஆபத்தும் குறைவு. ஆறு இணைதிறன் உள்ளது மஞ்சள். பிளேட்டிங் தொட்டியில் இருக்கும் குரோமிக் ஆசிட் இதுதான். மண்ணில் ஒட்டாது, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் போகும், புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. நீங்கள் பார்த்த மஞ்சள் கறை அனேகமாக இதுவாகத்தான் இருக்கும். பச்சை என்பது நிக்கல் உப்பாகவும் இருக்கலாம். நிக்கல், ஈயம், துத்தநாகம் எல்லாம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு மேலேயே நிற்கும், அதற்கு மட்டும் மேல்மண் கதை ஓரளவு பொருந்தும். இருபது வருஷ மழையில் ஆறு இணைதிறன் குரோமியம் ரெண்டு அடியில் காத்துக்கொண்டு இருக்காது.

எவ்வளவு சிந்தினால் எவ்வளவு கெடும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். சாதாரண குரோம் பிளேட்டிங் தொட்டிக் கரைசலில் ஒரு லிட்டருக்கு 250 கிராம் அளவில் குரோமிக் ஆசிட் இருக்கும், அதில் பாதிக்குச் சற்று மேல் குரோமியம், அதாவது 130 கிராம். குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள், தொட்டியிலிருந்து சிந்திய ஒரே ஒரு லிட்டர் 26 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்பு வரை கொண்டுபோய் நிறுத்தும். வெடித்த தரை, இருபது வருஷம், தொட்டியிலிருந்து எடுத்து மாற்றும்போது சொட்டிய பாகங்கள், யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று நம்பக் கூடாது. கண்ணுக்கு மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும்போதே வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும்.

கோவைப் பக்கம் அடியில் பாறை. மண் சில மீட்டர்தான், அதற்குக் கீழே தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும். அது எந்தப் பக்கம் போகிறது என்று மேலே நின்று யாரும் சொல்ல முடியாது. ஒட்டியிருக்கும் வீட்டுப் போர் நன்றாக இருக்கும், மூன்றாவது தெருவில் இருப்பது கெட்டிருக்கும்.

டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற லேபாகப் பாருங்கள். மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், கூடவே நிக்கல், துத்தநாகம், காப்பர், ஈயம், சயனைடு, மண்ணின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு). பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ட்ரைகுளோரோஎத்திலீன் பயன்படுத்தினார்களா என்று அங்கே வேலை பார்த்த யாரையாவது பிடித்து விசாரியுங்கள், டீக்கடையிலேயே ஆள் கிடைப்பார். அது தண்ணீரைவிடக் கனமானது, நேரே கீழே இறங்கிப் பாறைப் பள்ளத்தில் தங்கி வருஷக்கணக்கில் கசியும், ஆவியாக வீட்டுக்குள்ளும் ஏறும். பயன்படுத்தியிருந்தால் அதற்கும் டெஸ்ட் வேண்டும். மாதிரி எடுக்க வேண்டிய இடங்கள் தொட்டி வரிசைக்கு அடியில், வடிகால் போன பாதை, கழிவு நீர்க் குழி, ஸ்லட்ஜ் என்கிற கழிவுச் சேற்றைக் குவித்த மூலை (அந்தப் புல் முளைக்காத மூலைதான் என்று நினைக்கிறேன்), பிறகு ஒப்பிட்டுப் பார்க்க மனைக்கு வெளியே சம்பந்தமில்லாத ஓர் இடம். ஒவ்வொன்றிலும் மேலே, ஒரு மீட்டரில், இரண்டு மீட்டரில். எல்லா மண்ணையும் ஒரே வாளியில் கலந்து ஒரு மாதிரியாகக் கொடுத்தால் செலவு குறையும் என்பார்கள், கேட்காதீர்கள், கெட்ட இடத்தை நல்ல இடத்து மண் மறைத்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியால் எடுக்க வேண்டாம், அதிலேயே குரோமியமும் நிக்கலும் இருக்கின்றன.

வெளியே ஒரு மாதிரி எதற்கு என்றால், இயற்கையிலேயே மண்ணில் குரோமியம் உண்டு. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் குரோமைட் தாதுவே கிடக்கிறது, அந்தப் பக்கத்து மண்ணைச் சோதித்தால் பட்டறையே இல்லாமல் எண் கூடத்தான் வரும்.

பாலாற்றங்கரை:

நான் ராணிப்பேட்டை. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக முடியவில்லை.

எங்கள் ஊர் சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை இருந்தது. எழுபதுகளில் ஆரம்பித்து 1995 வாக்கில் மூடினார்கள். தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புகள் அங்கே தயாராயின. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் சேர்த்து வறுத்து, தண்ணீர் விட்டுக் குரோமேட்டைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சும் கசடை ஆலை வளாகத்திலேயே மலையாகக் குவித்துவிட்டுப் போனார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். அதற்குப் பிறகு எத்தனை ஆய்வு, எத்தனை வழக்கு, எத்தனை திட்டம். 2006-இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் உலகத்தில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பட்டியல் போட்டபோது எங்கள் ஊர் பெயர் அதில் இருந்தது. ஆலை ஓடிய காலத்தைவிட அந்தக் குப்பை கிடந்த காலம் அதிகம். மழை பெய்தால் அந்தப் பக்கத்துக் கால்வாயில் ஓடும் தண்ணீரை நீங்கள் பார்க்க வேண்டும், மாட்டு மூத்திர நிறத்தில் ஓடும், வெயில் அடித்துக் காய்ந்தால் ஓரமெல்லாம் மஞ்சள் பொருக்கு.

இந்தக் கசடு எங்கள் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஜெர்சி சிட்டி வட்டாரத்திலும், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவிலும் இதே தொழில் நடந்திருக்கிறது, இதே கசடைப் பள்ளம் நிரப்பவும் மனை நிரவவும் கொடுத்திருக்கிறார்கள். கிளாஸ்கோ ஆலை 1960-களிலேயே மூடியாகிவிட்டது, ஆனாலும் பக்கத்தில் ஓடும் போல்மடி ஓடை அண்மை வருஷங்களில்கூடப் பளிச்சென்ற பச்சை மஞ்சளாக ஓடியிருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்து! அதனால்தான் சொல்கிறேன், "வெட்டி எடுத்து எங்கேயாவது கொட்டிடலாம்" என்ற பேச்சை யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அந்த "எங்கேயாவது" எங்கள் ஊர் மாதிரி ஒரு ஊர்தான்.

நொய்யல்கரை:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. 26 லட்சம் லிட்டர் கணக்கை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், அதற்குப் பிறகு போர் தண்ணீர் பற்றி அவர் பேசவில்லை. துளைக்குழாய் அண்ணா, ஒருவேளை ரிப்போர்ட்டில் இருக்கிறது என்று வந்தால், வெட்டாமல் அங்கேயே வைத்துச் சரிசெய்ய வழி உண்டா? ராணிப்பேட்டையிலேயே இத்தனை வருஷம் முடியவில்லை என்றால் எனக்கு என்ன நம்பிக்கை?

வெட்டிவேர்:

நான் வேளாண்மை படித்தவள். செடி வைத்துச் சுத்தம் செய்வது பற்றி யாரும் சொல்லவில்லையே? சூரியகாந்தி, கடுகு, வெட்டிவேர் எல்லாம் கன உலோகங்களை உறிஞ்சும் என்று நிறைய ஆராய்ச்சி இருக்கிறது. மண்ணை வெட்ட வேண்டாம், லாரி வேண்டாம், செலவும் குறைவு. 12 சென்ட்டில் ஒரு ஆறு மாதம் சூரியகாந்தி போட்டுப் பார்க்கலாமே.

துளைக்குழாய்:

இரண்டு கேள்விக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

வெட்டிவேர் சகோதரி, செடிகளை நான் ஒதுக்கவில்லை. ஆர்சனிக் மாசுக்கு ஒரு பெரணி வகை இருக்கிறது, 2001-இல் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் கண்டுபிடித்தார்கள், மண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு ஆர்சனிக்கை இலையில் சேர்த்துக்கொள்ளும், அபாரமான செடி. ஆனால் ஒரு உலோகத்துக்கு ஒரு செடி என்றுதான் பெரும்பாலும் இருக்கிறது. குரோமியத்தைப் பெரும்பாலான செடிகள் வேரிலேயே நிறுத்திவிடும், தண்டுக்கும் இலைக்கும் கொஞ்சம்தான் ஏறும், வேரோடு பிடுங்கினால்தான் உண்டு. வேர் எட்டும் ஆழத்துக்குக் கீழே ஒன்றும் நடக்காது. அப்புறம், அறுத்த செடியும் உலோகம் ஏறிய கழிவுதானே, அதை மாடு மேயாமல், யாரும் அடுப்பெரிக்காமல் காப்பாற்றி அப்புறப்படுத்த வேண்டும். ஆறு மாதம் போதாது, பல வருஷம் ஆகும். ஏற்கெனவே புல்லே முளைக்காத மூலையில் சூரியகாந்தி முளைக்குமா என்பதே சந்தேகம். வெட்டிவேர் ஒரு வேலைக்கு நன்றாக உதவும், சரிவில் மண் அரித்துப் போகாமல், தூசி பறக்காமல் பிடித்து நிறுத்தும். பெரிய குப்பை மேடுகளில் அதற்காக நடுவார்கள். வீடு கட்டக் காத்திருக்கும் மனைக்கு அது பதில் இல்லை.

நொய்யல்கரை, உங்களுக்கு நம்பிக்கை தரும் செய்தி ஒன்று இருக்கிறது. ராணிப்பேட்டைக் கசடும் பிளேட்டிங் மாசும் ஒன்றல்ல. அங்கே இருப்பது தாதுவை வறுத்த கசடு, சுண்ணாம்பு கலந்தது, பிஎச் 11, 12 வரை போகும். குரோமேட் அந்தக் கசட்டுத் துகளுக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும், மேலே இருப்பதை இன்று மாற்றினாலும் உள்ளே இருப்பது மெதுவாகக் கசிந்துகொண்டே வரும். அதனால்தான் உலகம் முழுக்க அது தலைவலி. பிளேட்டிங் பட்டறையில் அப்படி இல்லை, கரைசலாகச் சிந்தியது மட்டும்தான், மண்ணும் பெரும்பாலும் அமிலத்தன்மையோடு இருக்கும். இதற்கு நல்ல மருந்து உண்டு. நம் ஊரில் அன்னபேதி என்பார்களே, இரும்பு சல்பேட், அதைக் கரைத்து மண்ணோடு கலந்தால் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றுக்கு இறங்கிவிடும். மஞ்சள் போய், நகராத, தண்ணீரில் கரையாத வடிவமாக மண்ணிலேயே படிந்துவிடும். ஆழத்தில் தண்ணீர் வரைக்கும் போயிருந்தால் துளை போட்டு உள்ளே செலுத்துவார்கள். சில இடங்களில் சர்க்கரை ஆலை மொலாசஸைக்கூடச் செலுத்துகிறார்கள். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், அந்தச் சூழலில் குரோமியம் தானாகவே மூன்றுக்கு இறங்கும்.

இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. குரோமியம் மண்ணைவிட்டுப் போகவில்லை, வடிவம்தான் மாறியிருக்கிறது. மாங்கனீசு ஆக்சைடு அதிகம் உள்ள மண்ணில் அது திரும்பவும் ஆறுக்கு ஏற வாய்ப்பு உண்டு. அதனால் மருந்து போட்டதும் ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டு மூட்டை கட்டிவிடக் கூடாது, மழைக்காலம் தாண்டி மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும், தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு கசிகிறது என்ற லீச்சிங் டெஸ்டும் வேண்டும். நிக்கலுக்கு அன்னபேதி உதவாது. அது குவிந்திருக்கும் இடத்தை, அந்த மூலையை, முறைப்படி வெட்டி அனுமதி பெற்ற கிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும். எங்கே எவ்வளவு மாசு என்று காட்டும் நல்ல சர்வே இருந்தால் 500 டன்னுக்குப் பதிலாக முப்பதோ நாற்பதோ டன் வெட்டினால் போதும் என்று வரலாம். சர்வேக்குச் செலவு செய்வது இதற்காகத்தான். சயனைடு இருந்தால் வீட்டு வைத்தியமாக யாரும் ஆசிட் ஊற்றிவிட வேண்டாம், விஷவாயு கிளம்பும், ஆள் அங்கேயே சாய்ந்துவிடுவார். இதையெல்லாம் நீங்களே மண்வெட்டி எடுத்துச் செய்யும் வேலையாக நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வராகநதி:

பெரியகுளத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு கேள்வியை இங்கே யாரும் தொடவில்லை. சுத்தம் என்றால் எவ்வளவு சுத்தம்?

எங்களுக்கு மேலே கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை இருந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது, பிறகு பிரிட்டன், நெதர்லாந்துக் கம்பெனியான யூனிலீவரின் இந்தியக் கிளை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் படிந்த உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்தார்கள், அதோடு ஆலை மூடியது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். கழிவு போனது, மண் போகவில்லை. ஆலை இருப்பது பாம்பார் சோலையின் விளிம்பில், அந்தத் தண்ணீர் கும்பக்கரை வழியாக எங்கள் பக்கம்தான் இறங்குகிறது.

மண்ணைச் சுத்தம் செய்வது எப்படி என்பதில் பெரிய சண்டை இல்லை. மண்ணைத் தண்ணீரில் அலசிச் சல்லி, மணலை நுண்மண்ணிலிருந்து பிரிப்பது, பாதரசம் ஒட்டியிருக்கும் நுண்மண்ணை மட்டும் வெற்றிடத்தில் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிப்பது. பாதரசம் 357 டிகிரியில் கொதிப்பது, அதனால் இது நடக்கக்கூடிய வேலை. சண்டை எண்ணில்தான் வந்தது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம்? முதலில் நெதர்லாந்து அளவை வைத்து 10 என்றார்கள், பிறகு 25 என்று ஏறியது, பிறகு 20 என்று நின்றது. ஆர்வலர்கள் பிரிட்டனில் குடியிருப்புக்கு வைத்திருக்கும் அளவைக் காட்டி 1 வேண்டும் என்றார்கள். இன்னும் கீழே போனால் சோலை மரங்களை வெட்ட வேண்டும், சரிவில் மண் அரித்துக்கொண்டு போகும் என்று 20-க்கு ஆதரவாகச் சொன்னார்கள். பசுமைத் தீர்ப்பாயம் 2018-இல் 20-க்கே ஒப்புதல் கொடுத்தது. மர வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்க்காரனாக எனக்கு அந்த எண் இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரே கம்பெனி, தன் தாய்நாட்டில் ஒரு அளவு, இங்கே ஒரு அளவு என்றால் ஏற்க முடியவில்லை.

நெதர்லாந்து அந்த எண்களை எப்படிப் போட்டது தெரியுமா? லெக்கர்கெர்க் என்ற ஊரில் ரசாயன டிரம்களைப் போட்டு நிரப்பிய நிலத்தில் வீடுகள் கட்டிவிட்டார்கள், 1980-இல் அது அம்பலமாகி நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் காலி செய்ய வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே மண்ணுக்கென்றே சட்டம் வந்தது.

நொய்யல்கரைக்கு நான் சொல்வது இதுதான், லேப் ரிப்போர்ட்டில் "வரம்புக்குள்" என்று எழுதியிருந்தால் எந்த வரம்பு என்று கேளுங்கள். தொழிற்சாலை நிலத்துக்கான வரம்பும், குழந்தைகள் மண்ணில் விளையாடி அந்தக் கையை வாயில் வைக்கும் வீட்டுக்கான வரம்பும் ஒன்றல்ல.

சட்டப்புள்ளி:

வழக்கறிஞர். பத்திரப் பக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 55(1)(அ)-இன்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத, விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். மண்ணுக்கு அடியில் இருக்கும் குரோமியம் அப்படிப்பட்ட குறைதான். ஆனால் நீங்கள் இப்போது மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டீர்கள், பட்டறை இருந்ததும் தெரியும், நாளைக்கு "எனக்குத் தெரியாது" என்று வாதாடுவது கஷ்டம். வாங்குவதாக இருந்தால் கிரய ஒப்பந்தத்திலேயே மண் பரிசோதனைக்கு அனுமதி, ரிப்போர்ட் மோசமாக வந்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும், பழைய மாசுக்கான செலவு விற்பவருடையது என்று தெளிவாக எழுத வேண்டும். பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த கன்சென்ட் (நடத்துவதற்கான இசைவு), ஆய்வுக் குறிப்புகளை மாவட்ட அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம், என்னென்ன ரசாயனம், கழிவு எங்கே போனது என்பது அதில் இருக்கும். கன்சென்டே இல்லாமல் ஓடியிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டில் 1996-லிருந்து சட்டம். வேலூர் மாவட்டத் தோல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. ஆனால் அதே வருஷம் ராஜஸ்தானில் பிச்ரி கிராம வழக்கில் தீர்ப்பாகி, 37 கோடி ரூபாய்க்கு மேல் கட்டச் சொன்ன பிறகும் 2011 வரைக்கும் அந்தப் பணத்துக்காகவே நீதிமன்றத்தில் இழுபறி நடந்தது. வழக்குப் போட்டால் இந்த வருஷமோ அடுத்த வருஷமோ முடியும் என்று நம்பி மனை வாங்காதீர்கள்.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகளை அறிவித்திருக்கிறது. மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும், முதற்கட்ட ஆய்வு 90 நாளில் முடிய வேண்டும், உறுதியானால் பகிரங்கமாக அறிவித்துப் பொறுப்பாளி யார் என்று கண்டுபிடித்துச் செலவை வாங்க வேண்டும். விதி வந்த நேரத்தில் நாடு முழுக்க 103 இடங்கள் மாசுபட்டவை என்று கண்டறியப்பட்டிருந்தன, சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது 7 இடங்களில்தான். சின்னப் பட்டறைகள் இந்தக் கணக்கில் வருவதே அபூர்வம்.

நொய்யல்கரை:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். மண் பரிசோதனைக்கு அனுமதி கேட்டோம். விற்பவர் தர மறுத்துவிட்டார். "வேண்டுமானால் வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்த பார்ட்டி காத்திருக்கிறது, அவர்கள் இப்படியெல்லாம் கேட்கவில்லை" என்று புரோக்கர் மூலம் சொல்லி அனுப்பினார். வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம். ஆனால் அந்தத் தெருவில் பின்பக்கம் ஆறேழு வீடு இருக்கிறது, எல்லாருக்கும் போர் உண்டு, ஒரு வீட்டில் அதே தண்ணீரில் சமைக்கிறார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். நாம் வாங்கவில்லை என்று விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

துளைக்குழாய்:

விற்பவர் மண்ணைத் தொடவிடவில்லை என்றால் அவருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல முடிவு.

பக்கத்து வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க அவர் அனுமதி தேவையில்லை, அந்த வீட்டுக்காரர் சரி என்றால் போதும். மண் டெஸ்டைவிட இதற்குச் செலவும் மிகக் குறைவு. முதலில் சமைக்கிற வீட்டுப் போர். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள், லேப் கொடுக்கும் பாட்டிலில், விளிம்பு வரைக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் வழியிலேயே மாறிவிடக்கூடியது, அதனால் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேபில் சேர்த்துவிட வேண்டும், சனிக்கிழமை சாயந்திரம் எடுத்துத் திங்கட்கிழமை கொடுக்கிற கதை வேண்டாம். குரோமியம் 0.05, நிக்கல் 0.02 மில்லிகிராம், இந்த இரண்டு வரம்பையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் உலோகம் போகாது, இன்னும் செறிவுதான் கூடும், இதை அந்த வீட்டில் கட்டாயம் சொல்லுங்கள். ரிப்போர்ட் வரும் வரைக்கும் குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர் மட்டும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம்.

கூடுதலாக வந்தால் ரிப்போர்ட்டின் ஒரு நகலை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர் கையெழுத்தில் கலெக்டருக்கும் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மனு கொடுக்க வையுங்கள், மனு எழுதச் சட்டப்புள்ளி உதவுவார் என்று நினைக்கிறேன். மனுவில் மனையின் சர்வே எண்ணை மறக்காமல் போடுங்கள். காத்திருக்கும் அந்த அடுத்த பார்ட்டி விசாரிக்கும்போது பதிவில் ஒரு காகிதமாவது இருக்கும். லேப் தேர்ந்தெடுப்பதில் சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள்.

சட்டப்புள்ளி:

மனு நான் எழுதித் தருகிறேன். ரிப்போர்ட் வந்ததும் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.